எஸ்.யு.வி.யின் டிராக்‌ஷன் கன்ட்ரோலை மண்ணில் சோதித்துப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடி பக்கம், மலையடிவாரத்தில், நண்பர் ஒருவருக்கு இலவந்தோப்பு இருக்கிறது. அதன் கடைசியில் விவசாயத்துக்கு ஆகாத மூன்று ஏக்கர் சரளை நிலம். வருடத்தில் நான்கைந்து முறை அங்கே கூடி, அவரவர் வண்டியை இறக்கிச் சோதித்துப் பார்ப்போம். என்னுடையது ஜிம்னி. நண்பர்கள் தார், ஸ்கார்பியோ-என், கூர்க்கா, காம்பஸ் என்று ஆளுக்கொன்று கொண்டு வருவார்கள். புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்பது உண்மையில் என்ன செய்கிறது?

பிடி இல்லாமல் வீணாகச் சுற்றுகிற வீலைப் பிரேக் பிடிக்கிறது. மண்ணில் நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஏன் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதில்தான் விஷயம். ஒரு அச்சில் இடது வீலுக்கும் வலது வீலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. திருப்பத்தில் வெளி வீல் அதிக தூரம் ஓட வேண்டும், உள் வீல் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு அது இடம் கொடுக்கிறது. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு வீல் அந்தரத்தில் தொங்கினால், அதைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவுதான் தரையில் இருக்கும் வீலுக்கும் போகும். அதாவது, ஏறக்குறைய ஒன்றுமே போகாது. தொங்குகிற வீல் விர்ரென்று சுற்றும், வண்டி நகராது.

இங்கேதான் ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) பாகங்கள் உதவிக்கு வருகின்றன. ஒவ்வொரு வீலிலும் வேகத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. ஒரு வீல் மட்டும் தறிகெட்டுச் சுற்றுவது தெரிந்ததும், ஏ.பி.எஸ். பம்ப் அந்த ஒரு வீலுக்கு மட்டும் பிரேக் கொடுக்கிறது. சுற்றுவதற்கு எதிர்ப்பு வந்துவிட்டதால், டிஃபரன்ஷியல் அதே அளவு விசையை மறுபக்கத்துக்கும் தந்தாக வேண்டியிருக்கிறது. தரையில் இருக்கும் வீல் வண்டியை இழுக்கிறது. ஜிம்னியில் இதற்கு ‘பிரேக் எல்.எஸ்.டி.’ என்று பெயர். தாரில் ‘பிரேக் லாக்கிங் டிஃபரன்ஷியல்’ என்பார்கள். டொயோட்டா ‘ஏ-டி.ஆர்.சி.’ என்கிறது. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

இதெல்லாம் எப்போது வந்த தொழில்நுட்பம்?

அடித்தளம் ஏ.பி.எஸ்.தான். பாஷ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் ஏ.பி.எஸ். 1978-இல் மெர்சிடீஸ் எஸ்-கிளாஸில் வந்தது. வண்டி சறுக்கித் திசை மாறாமல் காக்கும் ஈ.எஸ்.பி.யை அதே கூட்டணி 1995-இல் கொண்டு வந்தது. இறக்கத்தில் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் 1997-இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் வந்தது. அந்த வண்டியில் லோ கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர்) கிடையாது, அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அது தேவைப்பட்டது. குமிழைத் திருப்பி மண், மணல், பாறை என்று தேர்ந்தெடுக்கும் டெரெய்ன் ரெஸ்பான்ஸ் 2004-இல் டிஸ்கவரி 3-இல் அறிமுகமானது. இன்று நம் ஊர் வண்டிகளில் பார்க்கும் ‘சேண்ட், மட், ஸ்னோ’ பட்டன்கள் அந்த வழியில் வந்தவை.

டிஃப் லாக் இருந்தால் இதெல்லாம் தேவையா? எது நல்லது?

டிஃப் லாக் என்பது ஒரு அச்சின் இரண்டு வீலையும் ஒன்றாகப் பூட்டி, ஒரே வேகத்தில் சுற்ற வைப்பது. எண்களை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். வழுக்குகிற வீலின் அடியில் 50 அளவு பிடிதான் இருக்கிறது என்று வையுங்கள். வண்டி மேடேற மறு வீலில் 350 தேவை. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் 50 தந்து நின்றுவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் வழுக்கும் வீலில் 300 அளவு பிரேக் போட்டால் அந்தப் பக்கம் 350 ஆகிறது, அதனால் மறுபக்கமும் 350 கிடைக்கிறது. ஆனால் இன்ஜின் மொத்தமாக 700 தர வேண்டும். அதில் 300 பிரேக்கில் சூடாகப் போய்விடுகிறது. அதே இடத்தில் டிஃப் லாக் போட்டால் 50-ம் 350-ம் சேர்ந்து 400 போதும்.

அதனால் பாறையிலும் ஆழமான பள்ளத்திலும் டிஃப் லாக்தான் கை கொடுக்கும். கூர்க்காவில் முன்னும் பின்னும் லாக் இருப்பதால், எங்கள் தோப்பில் மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் அது அலட்டிக்கொள்ளாமல் ஏறிப் போகும். ஆனால் லாக் போட்ட அச்சு திரும்ப மறுக்கும். பக்கவாட்டுச் சரிவில் இரண்டு வீலும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் கீழ்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். டிராக்‌ஷன் கன்ட்ரோலில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டீயரிங் ஒழுங்காகக் கேட்கும், போடவும் எடுக்கவும் வேண்டியதில்லை.

தாரின் சில மாடல்களிலும் ஸ்கார்பியோ-என் ஃபோர் வீலிலும் பின்அச்சில் வருவது மெக்கானிக்கல் லாக். இரண்டு வீலுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானாகவே ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். சோதிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். மெதுவாக மிதித்தால் 100 சுற்று வித்தியாசமே வராது, லாக்கும் விழாது. “என் வண்டியில் லாக் வேலை செய்யவில்லை” என்று வருபவர்களில் பாதிப் பேர் ஆக்ஸிலரேட்டரைப் போதுமான அளவு மிதிக்காதவர்கள்.

எங்கே போய்ச் சோதிப்பது?

சொந்த நிலம், அல்லது உரிமையாளரின் அனுமதியோடு தனியார் நிலம். கைவிடப்பட்ட செங்கல் சூளை, தோப்போரம், மண் எடுத்த மேட்டு நிலம் எல்லாம் நல்ல இடங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை ஓட்டுவது குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் ஏற்றி இறக்காதீர்கள். அந்த மண்ணை அந்த ஊர்க்காரர்கள் கட்டிக் காத்திருக்கிறார்கள், நம் டயர் போட்ட தடத்தில்தான் அடுத்த மழையில் கரை அரிக்கும்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால், மகாராஷ்டிராவில் இகத்புரியில் மஹிந்திரா நடத்தும் ஆஃப்ரோடு பயிற்சித் தளத்துக்குப் போகலாம். பயிற்சியாளர் கூடவே இருப்பார்.

கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு வண்டி போக வேண்டும். ஒற்றை வண்டியோடு சோதனைக்குப் போகவே கூடாது. இழுக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து, திருகி மாட்டிப் பழகுங்கள். இழுவைக் கயிறு, ஷேக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்), மண்வெட்டி, காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், சின்ன கம்ப்ரசர், தண்ணீர் இவை போதும். கயிறு போட்டு இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளியே எல்லோரும் நிற்க வேண்டும், குழந்தைகள் இன்னும் தள்ளி.

அப்புறம் இரண்டு சின்னச் சமாச்சாரம். ஒன்று, செல்போனில் சரிவுக் கோணம் காட்டும் ஆப். இன்னொன்று, ஒரு துண்டு சாக்பீஸ். நான்கு டயரின் பக்கவாட்டிலும் ஒரு கோடு போட்டுவிட்டால், வெளியே நிற்பவருக்கு எந்த வீல் சுற்றுகிறது, எது நிற்கிறது என்று பளிச்சென்று தெரியும்.

முதலில் எந்தச் சோதனை?

குறுக்குப் பள்ளம். டிராக்‌ஷன் கன்ட்ரோலின் குணத்தை அப்பட்டமாகக் காட்டுவது இதுதான்.

பகுதிநேர ஃபோர் வீல் வண்டியில் (வேண்டும்போது மட்டும் நான்கு வீலுக்கும் சக்தி போகும் வண்டி) ஃபோர் வீல் போட்டதும் முன்அச்சும் பின்அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. அதனால் ஒரே ஒரு வீல் தூக்கினால் வண்டிக்குக் கவலை இல்லை, மறு அச்சு தள்ளிவிடும். முன் இடதும் பின் வலதும் ஒரே நேரத்தில் தூக்கினால்தான் சிக்கல். இரண்டு அச்சிலும் ஆளுக்கொரு வீல் தொங்குகிறது. இந்த நிலையை வேண்டுமென்றே உண்டாக்க, இடது வீல் தடத்தில் ஒரு குழியும் வலது வீல் தடத்தில் ஒரு குழியும் மாற்றி மாற்றி வெட்ட வேண்டும். நாங்கள் ஜேசிபி வைத்து வெட்டினோம். ஒரு அடி ஆழத்தில் ஆரம்பித்து, கடைசிக் குழி இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. குழிகளுக்கு இடையே உள்ள தூரம் வண்டியின் வீல்பேஸை (முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையிலான நீளம்) ஒட்டி இருந்தால்தான் இரண்டு மூலையும் ஒரே நேரத்தில் தூக்கும்.

நான் முதல்முறை இறங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஃபோர் லோ (நான்கு வீலுக்கும் சக்தி, லோ கியரில்), முதல் கியர். மூன்றாவது குழியில் முன் இடது இறங்கியதும் வண்டி சாய்ந்தது, பின் வலது தரையை விட்டு மெல்லக் கிளம்பியது. எதிர்மூலையில் முன் இடது வீலும் பிடி இழந்து சுற்ற ஆரம்பித்தது. சாக்பீஸ் கோடு வட்டமாகத் தெரிந்தது. அடுத்த நொடி காலுக்கடியில் ‘கரகர, டகடக’ என்று ஒரு சத்தம். பயந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி நின்றது. மறுபடி மிதித்தேன், மறுபடி சத்தம், மறுபடி காலை எடுத்தேன். ஐந்து முறை இப்படி.

வரப்பில் உட்கார்ந்து ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு முப்பது வருடம் ஜீப்பில் ஆள் ஏற்றிப் போனவர். எழுந்து வந்து ஜன்னலோரம் நின்று, “தம்பி, வீல் பிடிக்கிற நேரத்துலதான் நீங்க காலை எடுக்கிறீங்க. மிதிச்ச மிதியிலயே நில்லுங்க, கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம்” என்றார்.

அப்படியே செய்தேன். சத்தம் வந்தது. காலை அசைக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் சுற்றிக்கொண்டிருந்த வீல் திக்கித் திக்கி நிற்க, மறுபக்கத்து வீல் மண்ணைக் கவ்வியது. வண்டி தன்பாட்டுக்கு முன்னே ஊர்ந்து குழியை விட்டு வெளியே வந்தது. வண்டியிலோ குழியிலோ ஒன்றும் மாறவில்லை. மாறியது கால் மட்டும்தான்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எலக்ட்ரானிக் டிராக்‌ஷன் முன்கூட்டியே எதையும் செய்யாது. வீல் வழுக்க வேண்டும், சென்சார் அதைப் பார்க்க வேண்டும், பம்ப் அழுத்தம் கட்ட வேண்டும். அந்த ஒன்றிரண்டு வினாடி நீங்கள் ஆக்ஸிலரேட்டரை நிலையாக வைத்திருந்தால்தான் அது வேலை செய்ய முடியும்.

எவ்வளவு மிதிப்பது என்று எப்படித் தெரியும்?

மேலே சொன்ன 700 கணக்குதான். பிரேக்கையும் சேர்த்து வெல்ல வேண்டியிருப்பதால், நீங்கள் நினைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மிதிக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் 2000 ஆர்.பி.எம். சுற்றி வைத்துப் பாருங்கள், போதவில்லை என்றால் 2500. டீசலுக்கு இன்னும் குறைவு போதும். ஃபோர் லோ போடாமல் முயலாதீர்கள். ஜிம்னி மாதிரி 1.5 லிட்டர் இன்ஜினுக்கு லோ இல்லாமல் பிரேக்கையும் மேட்டையும் சேர்த்து வெல்லும் தெம்பு இருக்காது.

அளவுக்கு மீறி மிதிப்பதும் ஆபத்து. ஒரு வீல் நின்று மறு வீல் தொங்கும்போது, தொங்கும் வீல் வழக்கமானதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தோடு அது திடீரென்று பாறையில் இறங்கினால் அச்சுத்தண்டு முறியும். வீல் இறங்கப் போகிறது என்று தெரிந்தால் மிதியைக் கொஞ்சம் தணிக்க வேண்டும்.

அந்தக் கரகர சத்தம் வண்டிக்குக் கெடுதலா?

இல்லை. ஏ.பி.எஸ். பம்பும் வால்வுகளும் வேலை செய்கிற சத்தம். பிரேக் மிதியில் கால் வைத்திருந்தால் அதிர்வும் தெரியும்.

ஈ.எஸ்.பி. பட்டனை அணைத்துவிட்டுப் போக வேண்டுமா?

இது வண்டிக்கு வண்டி மாறும், அதனால்தான் சோதித்தே தெரிந்துகொள்ள வேண்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு இரண்டு கை. ஒரு கை வழுக்கும் வீலைப் பிரேக் பிடிக்கும், இன்னொரு கை இன்ஜின் சக்தியைக் குறைக்கும். மழையில் நனைந்த தார்ச்சாலையில் இரண்டாவது கை உயிரைக் காக்கும். மணலிலோ சேற்றிலோ அதே கை உங்களை நடுவழியில் நிறுத்திவிடும். எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் முனகிக்கொண்டு அடங்கிப்போகும்.

பல வண்டிகளில் ஃபோர் லோ போட்டாலே சக்தி குறைக்கும் வேலை நின்று, பிரேக் பிடிக்கும் வேலை மட்டும் மிஞ்சும். ஜிம்னி அப்படித்தான். ஃபோர் ஹையில் (லோ கியர் போடாத ஃபோர் வீல்) இருக்கும்போது பட்டனை அழுத்தி வைத்தால்தான் விடும் வண்டிகளும் உண்டு. ஒரே சரளை ஏற்றத்தில் பட்டன் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை ஏறிப் பாருங்கள். அணைத்த பிறகும் கரகர சத்தம் கேட்டால் பிரேக் உதவி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் கட்டாயம் மறுபடி போட்டுவிடுங்கள்.

சேண்ட், மட், ஸ்னோ மோடுகளில் உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது, காலால் உணர முடியும். சேண்ட் மோடில் லேசாக மிதித்தாலும் இன்ஜின் பாயும், வீல் ஓரளவு சுற்றவும் விடும், ஏனென்றால் மணலில் ஓட்டம் நின்றால் வண்டி புதையும். ஸ்னோ மோடில் இதற்கு நேர்மாறாக மிதி மந்தமாகும், சின்ன வழுக்கலைக்கூடப் பொறுக்காது. நம் ஊரில் பனி இல்லை என்று அந்த மோடை ஒதுக்கிவிடாதீர்கள். மழை பெய்த புல்தரை, பாசி படிந்த சிமென்ட் சரிவு ஆகியவற்றுக்கு அது அருமை. மட் மோடு, டயர் பட்டைகளில் ஒட்டிய சேற்றை உதறித்தள்ளும் அளவுக்கு வீலைச் சுற்றவிடும்.

சோதனை இப்படி: நின்ற இடத்திலிருந்து, ஒரே சரளை ஏற்றத்தில், மிதியைப் பாதி அளவு மட்டும் அழுத்தி ஒவ்வொரு மோடிலும் ஏறுங்கள். எந்த மோடில் டயர் எவ்வளவு கல்லை வாரி இறைக்கிறது என்று வெளியிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கார்பியோ-என்னில் அன்று நாங்கள் எடுத்த வீடியோவில், சேண்ட் மோடில் சரளை பின்னால் வாரி இறைக்க, ஸ்னோவில் ஒரு கல்கூடப் பறக்கவில்லை.

மணலில் எப்படிச் சோதிப்பது?

முதலில் காற்றை இறக்குங்கள். ரோட்டில் 30-33 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் மணலுக்கு 18-20. காற்று குறையும்போது டயர் தரையில் பதியும் பரப்பு நீளவாக்கில் கூடும், வண்டி மணல்மேல் மிதந்து போகும். காற்று இறக்காமல் எந்த மோடு போட்டும் பயனில்லை. மணலில் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு அதிக வேலையும் இல்லை. நான்கு வீலும் ஒரே மாதிரி வழுக்கும்போது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தர என்ன இருக்கிறது?

நிறுத்தும்போது பிரேக் அடிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள், இல்லையென்றால் டயருக்கு முன்னால் மணல் வரப்புக் கட்டிவிடும். வீல் ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தால் உடனே விட்டுவிட வேண்டும். குறுக்குப் பள்ளத்தில் ‘மிதியை விடாதே’ என்றேன். மணலில் அது செல்லாது. இன்னும் இரண்டு வினாடி மிதித்தால் அச்சு வரைக்கும் புதைந்துவிடும்.

ஹில் டிசென்ட் கன்ட்ரோலை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் படிப்படியாக. முதலில் 10 டிகிரி சரிவு. காலைப் பிரேக்குக்குப் பக்கத்திலேயே, தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 15, பிறகு 20. 20 டிகிரி என்றால் 36 சதவீதச் சரிவு. காகிதத்தில் சின்னதாகத் தெரியும், வண்டிக்குள்ளிருந்து பார்த்தால் பானெட்டுக்கு அப்பால் தரையே தெரியாது.

மேனுவல் வண்டியில் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிடுங்கள். ஒருமுறை ஹில் டிசென்ட் போட்டு இறங்குங்கள், இன்னொருமுறை அது இல்லாமல் ஃபோர் லோ முதல் கியரில் இன்ஜின் பிடியை மட்டும் நம்பி இறங்குங்கள். என் அனுபவத்தில் காய்ந்த மண்ணில் லோ கியர் மட்டுமே போதும். குண்டும் குழியுமான இறக்கத்தில், ஒரு வீல் தூக்கியதும் இன்ஜின் பிடி பறிபோகும். அங்கேதான் ஹில் டிசென்ட் ஒவ்வொரு வீலையும் தனித்தனியே பிடித்துத் தன் மதிப்பைக் காட்டுகிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தரையில் பிடி இருந்தால்தான் பிரேக்குக்கு மதிப்பு. ஈரக் களிமண் சரிவில் நான்கு வீலையும் அது எவ்வளவு அழகாகப் பிடித்தாலும் வண்டி சறுக்கிக்கொண்டு இறங்கும். எப்போதும் நேராக இறங்குங்கள். பின்பக்கம் விலக ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கைக் கீழ்நோக்கி நேராக்கி, ஆக்ஸிலரேட்டரை ஒரு துளி தொட்டால் வண்டி நேராகும்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால்?

கிளட்சை அழுத்தி உருள விடாதீர்கள், திருப்ப முயலவே முயலாதீர்கள். சரிவில் குறுக்காகத் திரும்பும் வண்டிதான் உருளும். கால் பிரேக்கை முழுக்க அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்சை விட்டபின் பிரேக்கை மெல்ல விட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். இதைச் சின்ன ஏற்றத்தில், வேண்டுமென்றே நின்று, பத்து முறை பழகுங்கள். ஏற்றத்தில் வண்டி உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் பல வண்டிகளில் இரண்டு வினாடிதான் பிடித்துத் தரும், அதற்குள் முடிவெடுத்துவிட வேண்டும்.

பிரேக் சூடாகி உதவி நின்றுபோகுமா?

நின்றுபோகும். பிரேக் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். வரம்பு தாண்டினால் பிரேக்கைக் காப்பாற்ற டிராக்‌ஷன் உதவியைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். குறுக்குப் பள்ளத்தில் ஆறேழு முறை தொடர்ந்து முயன்றபின் திடீரென்று வண்டி முன்போல் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் இதுதான். பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். பிரேக் ஆயிலையும் கவனியுங்கள். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்தத் தரத்துக்கான குறைந்தபட்ச வரம்பே 155 டிகிரிதான். ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள்.

சரளையில் ஏ.பி.எஸ். பிரேக் ஏன் நீளமாக இழுக்கிறது?

ஏ.பி.எஸ். இல்லாமல் பூட்டிய வீல் சரளையைத் தனக்கு முன்னால் குவித்து, அந்தக் குவியலில் முட்டி நிற்கும். ஏ.பி.எஸ். வீலைப் பூட்ட விடாது, அதனால் குவியல் சேராது, நிற்க அதிக தூரம் ஆகும். பதிலுக்கு, பிரேக் பிடித்தபடியே ஸ்டீயரிங் திருப்ப முடியும். 20, 30, 40 வேகங்களில் ஒரே கோட்டில் பிரேக் அடித்து அடியெண்ணிப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காவதை உங்கள் காலே அளந்து சொல்லும்.

மஞ்சள் விளக்குகள் கொத்தாக எரிகின்றன. என்ன ஆயிற்று?

பெரும்பாலும் வீல் சென்சார். நண்பர் ஒருவரின் வண்டியில், எது என்று சொல்லவில்லை, சேற்றுக் குழி தாண்டியதும் ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி., ஹில் டிசென்ட் விளக்குகள் ஒன்றாக எரிந்தன. ஒரே ஒரு சென்சார் பழுதானாலும் எல்லாமே படுத்துவிடும், ஏனென்றால் எல்லாம் அதே நான்கு சென்சார்களின் கண்ணால்தான் பார்க்கின்றன. அவர் இறங்க வேண்டிய சரிவு இன்னும் பாக்கி இருந்தது. உதவி எதுவும் இல்லாமல், லோ கியரில், ஒருவர் முன்னால் நடந்து வழிகாட்ட இறக்கினோம். கீழே வந்து தண்ணீர் அடித்துக் கழுவியபோது, சென்சார் ஒயர் கிளிப்பை விட்டு விலகி ஒரு குச்சியில் மாட்டியிருந்தது தெரிந்தது.

டயர் மாற்றினால் போதுமா, எலக்ட்ரானிக்ஸ் முக்கியமா?

டயர்தான் முதலில். இருக்கிற பிடியைப் பங்கு போட்டுத் தருவதுதான் எலக்ட்ரானிக்ஸின் வேலை, இல்லாத பிடியை அதால் உண்டாக்க முடியாது. ஒரே வண்டியை ரோட்டு டயரோடு ஒருமுறையும் ஆல்-டெரெய்ன் டயரோடு ஒருமுறையும் ஈர ஏற்றத்தில் விட்டோம். ரோட்டு டயரோடு கரகர சத்தம் உச்சி வரை ஓயவில்லை. மாற்றிய டயரோடு இரண்டே இடத்தில்தான் கேட்டது. அளவை ரொம்பப் பெரிதாக்கினால் வேகக் கணக்கு பிசகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோ கியர் இல்லாத காம்பஸ், கிராண்ட் விட்டாரா போன்றவற்றைக் கொண்டு வரலாமா?

தாராளமாக. ஆழமில்லாத குழி, சரளை ஏற்றம், ஈரப்புல் இவற்றில் அருமையாகப் போகும். இவற்றில் பின்அச்சுக்குச் சக்தி அனுப்புவது ஒரு கிளட்ச். தொடர்ந்து வழுக்கினால் அது சூடாகி, பின்அச்சை விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஓய்வு கொடுங்கள். லாக் மோடு இருந்தால் குழிக்குள் இறங்கும் முன்பே போட்டுவிடுங்கள், மாட்டியபின் அல்ல.

கம்பெனிகள் எப்படிச் சோதிக்கின்றன?

நம் பக்கத்திலேயே நடக்கிறது. மஹிந்திராவுக்குச் செய்யாற்றில் 454 ஏக்கரில் எஸ்.யு.வி.களுக்கென்றே சோதனைத் தடம் இருக்கிறது. ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அளவு பிசகாமல் கட்டிய சரிவுகள், ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் பிடிக்கும் தரைகள், வீலுக்கடியில் உருளைகள் வைத்துப் பிடியை அடியோடு எடுத்துவிடும் சோதனை எல்லாம் இத்துறையில் வழக்கம். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே பழக்கம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. டயர் காற்றையும் மோடையும் சேர்த்து மாற்றிவிட்டு “இப்போது ஏறிவிட்டது” என்றால், எதனால் ஏறியது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து, ஒரு நோட்டில் எழுதுங்கள்.

சோதனை முடிந்து வீடு வந்ததும்?

கிளம்பும் முன்பே காற்றை ரோட்டு அளவுக்கு ஏற்றியிருக்க வேண்டும். வீட்டில் முதல் வேலை, நான்கு வீலின் உள்பக்கத்தையும் தண்ணீர் அடித்துக் கழுவுவது. டிரம் பிரேக் வண்டி என்றால் பின்னால் மணல் புகுந்து கீச்சிடும், கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சென்சார் ஒயர்களைக் கையால் தடவி, கிளிப் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். மறுநாள் காலை வண்டியை எடுத்ததும் அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலியான தெருவில் ஒருமுறை பிரேக் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால், அன்றே மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.